அலமாரியைத் திறந்து பாருங்கள்: டர்பன் கோயில் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

கோயில் அறங்காவலர்களுக்கும், தமிழ்ச் சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கும் வணக்கம்.

டர்பன் கடலில் தூண்டில் போட்டும் கரைவலை இழுத்தும் பிழைக்கிற நம் மக்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். பணம் வேண்டாம். உங்கள் அலுவலக அறையிலும் மடைப்பள்ளிக்குப் பக்கத்துச் சாமான் அறையிலும் இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் பழைய பதிவேடுகள் வேண்டும். நன்கொடைக் கணக்கு, கல்யாணப் பதிவு, மாலைத் தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேடு, கூட்டக் குறிப்பு, திருவிழாவுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற பட்டியல் எல்லாமே. அவற்றில் எங்கெல்லாம் ஒருவர் மீன் பிடித்தார், மீன் விற்றார், வலை வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறதோ அந்தப் பக்கங்கள் இன்றைக்குப் பல குடும்பங்களின் பிழைப்பைத் தீர்மானிக்கக்கூடியவை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

(தமிழில் எழுதியிருக்கிறேன். படிக்கச் சிரமப்படும் இளைய உறுப்பினர்களுக்கு ஆங்கிலப் படி தனியாக வரும். முதலில் பெரியவர்கள் படித்து, வீட்டில் உட்கார்ந்து பேசட்டும் என்றுதான் இந்த வரிசை.)

சட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 1998இல் வந்த கடல்வாழ் வளங்கள் சட்டம் மீன்பிடிப்பை வணிகம், பொழுதுபோக்கு, வயிற்றுப்பாடு என்று பிரித்தது. இந்த மூன்றில் எதிலும் சரியாக அடங்காதவர்கள்தான் நம் ஆட்கள். கம்பெனியும் கப்பலும் இல்லாததால் வணிகத்தில் சேர்த்தியில்லை. பிடித்ததில் பாதியை விற்றால்தான் மின்சாரத்துக்கும் பிள்ளையின் பள்ளி உடுப்புக்கும் காசு வரும் என்பதால் வெறும் வயிற்றுப்பாட்டிலும் அடங்கவில்லை. கடைசியில் பலர் கையில் இருப்பது தபால் நிலையத்தில் பணம் கட்டி வாங்குகிற பொழுதுபோக்குப் பர்மிட். அந்தப் பர்மிட்டில் பிடித்த மீனில் ஒன்றைக்கூட விற்கக் கூடாது, விற்றால் குற்றம். விடிவதற்கு முன்னால் பாறை மேல் நின்று, பத்து மணிக்கு அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கு மீன் கொடுத்துவிட்டு வருகிற ஒருவர் சட்டத்தின் கண்ணில் பொழுதுபோக்குக்காரர், அல்லது குற்றவாளி.

இது மாற வேண்டும் என்று முதலில் கோர்ட்டுக்குப் போனவர்கள் மேற்குக் கேப் மீனவர்கள். 2007இல் சமத்துவ நீதிமன்றம் அவர்களுக்கு இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. அந்த அழுத்தத்தில்தான் 2012 ஜூனில் சிறு அளவு மீன்பிடிக் கொள்கை வந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2016இல் விதிகள் வந்தன. இப்போது சட்டப்படி சிறு அளவு மீனவர் என்று தனி வகையே இருக்கிறது. மீனவர் சமூகம் ஒரு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டால் பதினைந்து ஆண்டுக்கு உரிமை கிடைக்கும், பிடித்ததை விற்கவும் செய்யலாம். நம் ஆட்கள் இதற்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தார்கள்.

ஆனால் உள்ளே போக ஒரு வாசல் இருக்கிறது. மீன்பிடித் தொழிலில் மொத்தம் பத்து ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். பிழைப்பின் பெரும்பகுதி அதிலிருந்து வர வேண்டும். காலங்காலமாகக் கடலை நம்பி வாழ்ந்த குடும்பம் என்று காட்ட வேண்டும். பேச்சளவில் நியாயமான நிபந்தனைகள்தான். இல்லாவிட்டால் வார இறுதியில் பத்தாயிரம் ராண்ட் தூண்டிலோடு வருகிற டாக்டரும் வக்கீலும் வரிசையில் நின்றுவிடுவார்கள். ஆனால் இதையெல்லாம் எதை வைத்துக் காட்டுவது? சம்பளச் சீட்டு வராத தொழில் இது. அதிகாலையில் கரையில் கைக்குக் கை மாறும் காசுக்கு யார் ரசீது எழுதினார்கள்?

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவினேன். ஐம்பது வருஷமாகத் தூண்டில் போடுகிறவர். ஆதாரமாக அவர் எடுத்துக்கொண்டு போனது ஒரு புகைப்படம்: இளவயதில் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். கவுண்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு, படத்தில் தேதி இல்லையே, இந்த ஊரில் மீனைத் தூக்கிப் படம் எடுக்காதவர் யார் என்று கேட்டாராம். எழுத்தரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டதில் தப்பில்லை. பதில் சொல்லக் கையில் காகிதம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

காகிதம் ஏன் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமூகத்தின் பாதிக் கதை அதில் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 16ஆம் தேதி, 1860இல் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்த நாளை நாம் கொண்டாடுகிறோம். மேடையில் கரும்புத் தோட்டத்தைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஒப்பந்தம் முடிந்து தோட்டத்தைவிட்டு வெளியே வந்தவர்களில் ஒரு கூட்டம் துறைமுகத்துக்குள் இருக்கிற சாலிஸ்பரி தீவுக்குப் போய்க் குடிசை போட்டு மீன் பிடிக்க ஆரம்பித்ததைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? மெட்ராஸ் கரையிலிருந்து வந்தவர்களுக்குக் கரைவலை புதிதல்ல. ஒரு முனையைக் கரையில் பிடித்துக்கொண்டு, படகில் போய் அரைவட்டமாக வலை விரித்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கிற அதே வேலையைத்தான் இந்தக் கடலிலும் செய்தார்கள். இங்கே கூட்டா என்று சொல்கிற மீன் அங்கே வஞ்சிரம். மடவையும் அங்கே பார்த்ததுதான். கடல்தான் வேறு.

இரண்டாம் உலகப் போரில் தீவு கடற்படைத் தளமானது. மீன்காரர்கள் பிளஃபில் இருக்கிற ஃபின்லாண்ட்ஸ் கரைக்கு ஒதுங்கினார்கள். அங்கேயும் மரமும் தகரமுமாக வீடு, கோயில், பள்ளிக்கூடம் என்று ஒரு வாழ்க்கை அமைந்தது. 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அதையும் கலைத்தது. 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். கடலைப் பார்த்து எழுந்தவர்களுக்குக் கடலுக்குப் போகவே பஸ் காசு வேண்டியதாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மீன்காரர்களை அப்புறப்படுத்திய அதே தீவில்தான் 1961இல் இந்தியர்களுக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தார்கள். உங்கள் குழுக்களில் இருக்கும் மூத்த வக்கீல்களும் ஆசிரியர்களும் சிலர் அங்கே படித்தவர்கள்தான். யார் குடியிருந்த மண்ணில் உட்கார்ந்து படித்தோம் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது சொல்கிறேன்.

மூன்று இடம் மாறிய குடும்பத்திடம் என்ன காகிதம் மிஞ்சும்? மார்க்கெட்டில் மீன் விற்றவர்களிடம் இருந்த கடை வாடகைச் சீட்டுகளுக்கும் கெட்ட நேரம். 1973இல் விக்டோரியா தெரு மார்க்கெட் எரிந்தபோது எத்தனை பேருடைய கணக்குப் புத்தகங்கள் போயினவோ. ஆனால் இந்த மக்கள் எங்கே போனாலும் கையோடு கொண்டுபோனது ஒன்று உண்டு, அது கோயில். தகரக் கொட்டகையாவது போட்டு அம்மனை வைத்தார்கள். வைத்தவர்கள் கணக்கும் எழுதினார்கள். இன்னார் மகன் இன்னார், தொழில் இன்னது, கொடுத்தது இத்தனை ஷில்லிங் என்று நோட்டில் இருக்கிறது. சில நோட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். கரையான் அரித்தது போக மிஞ்சியதே போதும்.

கிராமத்துக் கடற்கரையை மனத்தில் வைத்துப் பார்த்தால் மீனவர் சமூகம் என்பது எளிதில் புரியும். ஒரே ஊர், ஒரே கரை, தலைமுறை தலைமுறையாக அதே குடும்பங்கள். நம் ஆட்கள் அப்படி இல்லை. ஒருவர் சாட்ஸ்வர்த், ஒருவர் மியர்பேங்க், ஒருவர் இசிப்பிங்கோ, ஒருவர் ஃபீனிக்ஸ். இவர்களை ஒரு சமூகம் என்று எப்படிச் சொல்வது என்று அதிகாரி கேட்டால், இவர்கள் தாத்தாமார் எல்லாரும் ஒரே கரையில் இருந்தார்கள், அரசாங்கம்தான் நாலு பக்கமும் பிரித்துப் போட்டது என்று காட்ட வேண்டும். அதற்குச் சாட்சி ஒரே கோயிலின் ஒரே நோட்டில் அடுத்தடுத்த வரியில் இருக்கும் பெயர்கள்.

பெண்களின் பெயர்களைக் கட்டாயம் தேடுங்கள். விதியில் பத்து ஆண்டு என்பது பிடிப்பதற்கு மட்டும் இல்லை. மீனைச் சுத்தம் செய்வதும் பக்குவப்படுத்துவதும் விற்பதும் அதில் சேர்த்தி. கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்ற ஆயாக்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அவர்கள் மகள்களும் மருமகள்களும் இன்றைக்கும் கார் டிக்கியில் ஐஸ் பெட்டி வைத்து விற்கிறார்கள். தங்களுக்கும் உரிமை கேட்க வழி இருக்கிறது என்று இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மனுவில் கணவன் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

பழைய கதையைத் தூக்கிக்கொண்டு போனால் யார் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். கேட்கிறார்கள். கிழக்குக் கேப்பில் ட்வேசா-க்வேபே காப்பகத்துக்குள் மீன் பிடித்ததாக 2010இல் மூன்று பேரைப் பிடித்தார்கள். அந்த வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்தச் சமூகத்துக்கு வழக்காற்று வழியில் வந்த மீன்பிடி உரிமை 1998 சட்டத்தால் அழிந்துவிடவில்லை என்று 2018இல் தீர்ப்பு வந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் எப்படிப் பிடித்தார்கள், என்ன கட்டுப்பாடு வைத்திருந்தார்கள் என்ற வரலாறுதான் அங்கே பேசியது. அப்புறம் வைல்ட் கோஸ்ட் கடலுக்கடியில் எண்ணெய் தேட ஷெல் கம்பெனிக்குக் கொடுத்திருந்த அனுமதியை 2022 செப்டம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம் ரத்து செய்ததே, அதிலும் சிறு மீனவர்கள்தான் வாதிகளில் முன்னால் நின்றார்கள். வழக்காற்று உரிமை என்பது இந்த மண்ணின் மக்களுடையது. நாம் அதைக் கோர முடியாது, கோரவும் கூடாது. ஆனால் வரலாற்றை ஆதாரத்தோடு வைத்தால் கோர்ட் காது கொடுக்கிறது என்பதை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இப்போது கடலின் நிலைமை. உரிமைச் சீட்டு கையில் வந்து, மீன் இல்லாமல் போனால் அந்தச் சீட்டை வைத்துக் குழம்பா வைக்க முடியும்?

துறைமுகத்துக்குள் நம் ஆட்கள் காலங்காலமாக நின்ற சுவர்களும் பியர்களும் உங்களுக்குத் தெரியும். 2001 நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் வந்த பாதுகாப்பு விதி 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதோடு இங்கேயும் வேலி ஏறியது. தூண்டிலும் இரைப் பையுமாக வருகிற கிழவர் கப்பலைக் கவிழ்த்துவிடுவார் என்று நினைத்தார்களோ என்னவோ. ஊர்வலம், மனு, பேச்சுவார்த்தை எல்லாம் நடந்தன, ஆனால் பழைய மாதிரி நிற்க முடியவில்லை. வேலிக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் எல்லாரும் மிச்சமிருக்கிற கொஞ்சப் பாறையிலும் கடற்கரையிலும் நெருக்கியடிக்கிறார்கள். ஒரே இடத்தில் கூட்டம் கூடினால் அந்த இடத்து மீனுக்கும் கேடுதான்.

வளைகுடாவே மீனின் தொட்டில். புள்ளி கிரண்டர் மீன் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து சேற்றிலும் புல்லிலும் வளரும். மடவையும் அப்படித்தான். அந்தச் சேற்றுத் திட்டுகளையும் அலையாத்திக் காட்டையும் கன்டெய்னர் மேடைகளுக்காக நிரப்பிக்கொண்டே வந்தார்கள். பேஹெட் பக்கம் கொஞ்சம் காடு மிஞ்சியிருக்கிறது. தெற்கே இசிப்பிங்கோவில் விமான நிலையத்துக்காகவும் தொழிற்பேட்டைக்காகவும் ஆற்றையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், அந்த முகத்துவாரம் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. புனித வெள்ளித் திருவிழாவுக்கு இசிப்பிங்கோ மாரியம்மனைப் பார்க்க லட்சக்கணக்கில் போகிறோம், பக்கத்தில் ஓடுகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் எத்தனை பேர்?

கழிவைப் பற்றி நீட்ட வேண்டாம், எல்லாரும் பத்திரிகையில் படித்ததுதான். 2017 அக்டோபர் புயலில் துறைமுகத்தில் கன்டெய்னர் விழுந்து 49 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் ஒரு வேதிப்பொருள் கிடங்கு எரிந்து, விஷம் ஓலாங்கா ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது. வடக்குக் கரையை மாதக்கணக்கில் மூடினார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறு பேருக்கு மேல் செத்தார்கள், கழிவுநீர் நிலையங்களும் உடைந்தன. அதற்குப் பிறகு கழிவுநீரோடு வருகிற ஈ கோலை கிருமியின் பெயர் நம் வீட்டுப் பேச்சிலேயே வந்துவிட்டது. கடற்கரை மூடல் என்று செய்தி வந்தால் சுற்றுலாக்காரர் வேறு ஊருக்குப் போய்விடுவார். மீனவர் எங்கே போவார்? அவர் தூரத்தில், சுத்தமான தண்ணீரில் பிடித்த மீனைக்கூட வாங்க ஆள் வராது. ஒவ்வொரு முறையும் ஹோட்டல்காரர்களின் நஷ்டம் பேப்பரில் வருகிறது. மீனவரின் நஷ்டத்தைக் கணக்கெடுக்க அவர் யார் என்றே பட்டியல் இல்லை. பட்டியலில் பெயர் ஏற வேண்டும் என்று நான் அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சார்டின், அதாவது மத்தி மீன் விஷயத்துக்கு வருகிறேன். ஆனி, ஆடியில் தண்ணீர் குளிர்ந்தால் தெற்குக் கரையோரமாக மத்தி கூட்டம் கூட்டமாக வரும். சுறா வலைகளைத் தூக்கிவிடுவார்கள், கரைவலைக்காரர்கள் இரவும் பகலும் கடலைப் பார்த்தபடி இருப்பார்கள், முதல் வலை கரையேறினால் கூடை விலை கூரையைத் தொடும். இந்த மீன் எங்கிருந்து வருகிறது என்று 2021இல் மரபணு ஆராய்ச்சி செய்து பார்த்தார்கள். நம் கரைக்கு வருவதில் பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்நீர் மத்தி என்று தெரிந்தது. அதாவது, மேற்குக் கரையில் சுருக்குவலைக் கப்பல்கள் அள்ளுவதற்கும் நம் கரையில் கூடை நிறைவதற்கும் தொடர்பு இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் அங்கே மத்தி உச்சத்தில் இருந்தது. பிறகு சரிந்து, நாம் தக்காளிச் சாற்றோடு டப்பாவில் வாங்கிச் சட்னி வைக்கிற பில்சர்டுக்கே வெளிநாட்டிலிருந்து உறைந்த மீனை வரவழைக்க வேண்டியதாயிற்று. அதனால் மீனவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தால், டர்பன் கரையில் எத்தனை கூடை என்று மட்டும் பேசினால் போதாது. அங்கே கப்பலுக்கு எத்தனை டன் ஒதுக்குகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். தனி ஆள் கேட்டால் சிரிப்பார்கள்.

எல்லாப் பழியையும் கப்பல் மேல் போட்டுவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. செவன்டி ஃபோர் மீனை நினைவிருக்கிறதா? நம் தாத்தா காலத்தில் இங்கே தூண்டில் படகுகள் கொண்டுவந்ததில் முதல் இடம் அதற்குத்தான் என்று சொல்வார்கள். இன்று அதைப் பிடிக்கவே தடை. கூட்டமாகச் சேர்ந்து முட்டையிடுகிற இடம் தெரிந்துபோய், அங்கேயே போய்ப் போய் அள்ளித் தீர்த்தார்கள். 2000 டிசம்பரில் தூண்டில் மீன்பிடிப்பு முழுவதற்கும் அமைச்சர் வலி மூசா நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. சால்மன் என்று நாம் சொல்கிற கோப் மீனும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. கரையில் நிற்பவர் ஒரு நாளைக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் 60 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் பெண் மீன் ஒரு மீட்டரைத் தாண்டித்தான் முதல் முட்டையே இடுகிறது. சட்டப்படி பிடித்தாலும் பிள்ளை பெறாத மீனைத்தான் பிடிக்கிறோம். இந்த விதியை எழுதியவர்கள் எந்தக் கணக்கில் எழுதினார்களோ, எனக்குப் புரியவில்லை. அளவு தெரிந்த மூத்த மீனவர்கள் சிலர் சின்ன கோப்பைத் தாங்களாகவே திரும்ப விட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்டவர்கள் விதி எழுதும் மேசையில் உட்கார வேண்டும்.

ஷாட் மீன் விஷயத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது. புரட்டாசியில் நம் வீடுகளில் கவுச்சி கிடையாது. அந்த மாதம் மீன் விற்பனை படுத்துவிடும், மீன்காரர்களும் அதற்கேற்பக் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். கடலுக்கும் கொஞ்சம் ஓய்வு. ஆனால் அக்டோபர் நடுவில் விரதம் முடிந்ததும் என்ன நடக்கிறது? ஒரு மாதப் பசியோடு எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆள் கிளம்பும், கொஞ்ச நாளில் தீபாவளி வேறு வரும். எல்லாரும் கேட்பது ஷாட். அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரைக்கும் ஷாட் பிடிக்கவே கூடாது, அது முட்டையிடுகிற காலம். விரதத்தை ஒழுங்காக முடித்த கையோடு, தடைக்காலத்தில் பிடித்த மீனை, துண்டு போட்டு மூடிய பெட்டியிலிருந்து வாங்கிக் குழம்பு வைக்கிறோம். பிடித்தவருக்கு அபராதம், வாங்கியவருக்குப் பண்டிகைச் சாப்பாடு. தடை இல்லாத மாதங்களிலும் ஆளுக்கு நாலுதான், 30 சென்டிமீட்டருக்குக் கீழே ஆகாது. கைநீளத்தில் பாதிகூட இல்லாத ஷாட்டை டஜன் கணக்கில் வாங்கிப் பொரிக்கிற வீடுகள் எந்தத் தெருவில் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை பூசை முடிந்து அறிவிப்பு சொல்கிறீர்களே, அதில் இரண்டு வரி சேருங்கள்: நவம்பர் முடியும்வரை ஷாட் கேட்காதீர்கள், வாங்காதீர்கள். அர்ச்சகர் வாயால் வந்தால் நடக்கும். இன்ஸ்பெக்டர் பத்துப் பேரால் ஆகாதது அதில் ஆகும்.

இடையில் ஒரு விஷயம். ட்ரோன் பறக்கவிட்டு இரையை நானூறு மீட்டர் தள்ளிப் போடுகிறவர்களை நீங்களும் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். அது சட்டவிரோதம் என்று 2022இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் பையன்கள் சிலரும் அந்த விளையாட்டில் இருக்கிறார்கள். சொல்லி வையுங்கள்.

இதை இந்தியர் விவகாரமாக ஆக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பாறையில் நிற்கும்போது பக்கத்தில் உம்லாசியிலிருந்து வந்த சுலுக்காரர் நிற்கிறார், வென்ட்வர்த்திலிருந்து வந்த கலப்பினத்தவர் நிற்கிறார். நூல் சிக்கினால் அவிழ்த்துக் கொடுப்பதும் இரை தீர்ந்தால் பங்கு கொடுப்பதும் அங்கே சாதாரணம். கூட்டுறவு என்று வந்தால் அவர்களையும் சேர்த்துத்தான் வர வேண்டும். நம் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது, உண்மைதான். ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட நம் மூத்த மீனவர்கள் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் என்னோடு நின்றவர் என்று ஒருவர் பிரமாணம் செய்தால் அதற்கும் மதிப்புண்டு. கோயில் மண்டபத்தில் விண்ணப்ப முகாம் வைத்தால் வாசலில் யாரையும் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். கூட்டத்தில் சுலு தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

பதிவேடுகளை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். வெளியே போன நோட்டு திரும்பி வருவதில்லை என்று அனுபவம் உள்ளவர்கள் நீங்கள். அலமாரிக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு, பக்கங்களைப் போனில் படம் எடுத்தால் போதும். மீன் தொழில் வருகிற பக்கத்தை மட்டும் எடுக்கலாம், மற்றக் குடும்பங்களின் விவரம் வெளியே வரத் தேவையில்லை. அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும் அதன் படி போகும். போலீஸ் ஸ்டேஷனில் சான்றுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை. கூடவே குழுவின் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் வேண்டும்: இன்னார் குடும்பம் எங்கள் பதிவேட்டின்படி இன்ன ஆண்டிலிருந்து மீன் தொழிலில் இருந்தது என்று. பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள், கூட வேண்டாம், குறையவும் வேண்டாம்.

கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தூண்டிலைத் தொட்டே இராத மைத்துனருக்கும் சம்பந்திக்கும் கடிதம் கொடுத்துவிட்டால் ஒரே மாதத்தில் விஷயம் வெளியே வரும். அப்புறம் உண்மையான கடிதத்தையும் எவனும் நம்ப மாட்டான். இப்படி நடக்காது என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் நம் குழுக்களை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்கக் கஷ்டம் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காலத்து வாத்தியார்களின் கூட்டெழுத்து எனக்குப் பழக்கம், இன்னும் இரண்டு மூன்று பேர் உதவிக்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, அன்னதானத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஒரு கோயில் நோட்டுகளைப் பார்த்து முடித்துவிடலாம். சாவி யாரிடம் இருக்கிறது, எந்த ஞாயிறு வசதி என்று உங்கள் செயலாளர் ஒரு வரி அனுப்பினால் போதும். முதலில் ஃபின்லாண்ட்ஸிலிருந்து சாமியைக் கொண்டுவந்த கோயில்களிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். அந்த நோட்டுகள்தான் மிகப் பழையவை, கரையான் சீக்கிரம் முடிக்கப்போவதும் அவற்றைத்தான்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், கரைவலை இழுத்தவரின் பேத்தி